தரவுக்குச் சாதி இல்லையா? செங்கல்பட்டில் வந்து கேளுங்கள்

சென்ற மாதம் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சி. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லித்தர ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் சேரியிலிருந்து பதினோரு பிள்ளைகளை வேன் பிடித்து அழைத்துப்போனேன். பேச வந்தவர் ஓ.எம்.ஆர். சாலையில் பெரிய கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். நல்ல மனிதர்தான், வந்துபோகக் காசுகூட வாங்கவில்லை. ஒரு மணி நேரம் டேட்டா சயின்ஸ் பற்றிப் பேசினார். வேலை, சம்பளம், அமெரிக்கா, மனிதகுலத்தின் எதிர்காலம் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்றார். முடிக்கும்போது குரலை உயர்த்திச் சொன்னார்: "தம்பிகளா, தங்கச்சிகளா, டேட்டாவுக்குச் சாதி தெரியாது. நீ யாரு, எந்தத் தெருன்னு அது கேக்காது. திறமையை மட்டும்தான் பாக்கும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த வேகத்தில் நானும் தட்டிவிட்டேன். வேன் திரும்பி வரும்போதுதான் உறைத்தது, இந்தப் பொய்யை எந்த மாவட்டத்தில் நின்று கேட்டுவிட்டு வருகிறோம் என்று.

தரவு அறிவியல் என்ற பெயர்தான் புதிது. மக்களை எண்ணி, எழுதி, கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின்படி யாருக்கு என்ன என்று முடிவு செய்யும் வேலை பழையது. எங்கள் மாவட்டத்திலேயே அது ஒருமுறை எங்களுக்காக நடந்தது. 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். என்ன சாப்பிடுகிறார்கள், என்ன கூலி, எவ்வளவு கடன், குடிசை நிற்கும் மண் யாருடையது, தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதார் எப்படித் தடுக்கிறார் என்று விவரம் விவரமாகத் திரட்டினார். அனுதாபக் கண்ணீர் வடிக்கவில்லை, கணக்கு எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை அரசு 1010, 1010ஏ என்ற வருவாய்த் துறை ஆணைகளைப் போட்டது. அதிலிருந்து வந்ததுதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் டி.சி. நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மாகாணம் முழுக்கப் பல்லாண்டுகள் கொடுக்கப்பட்ட நிலம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

எண்ணினால் நிலம் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி. அந்த நிலம் எப்படிப் போனது என்பதைத்தான் டேட்டா சயின்ஸ் வகுப்பில் முதல் பாடமாக வைக்க வேண்டும். எல்லா இடத்திலும் அடியாள் வைத்துப் பிடுங்கவில்லை. பெரும்பாலும் பேனாவால் பிடுங்கினார்கள். கர்ணமும் மணியமும் எழுதியதுதான் ஊர்க் கணக்கு, அந்த வேலையில் நம் ஆள் கிடையாது. 1980களில் நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்துகிறோம் என்று யு.டி.ஆர். திட்டம் வந்தது. அன்றைக்கு நிலம் யார் அனுபவத்தில் இருந்ததோ அவர் பெயர் ஏறியது. 'நிபந்தனை' என்ற குறிப்பு எத்தனையோ ஊர்களில் அடுத்த ஏட்டுக்கு வந்து சேரவேயில்லை. பிறகு அந்த ஏட்டைக் கணினியில் ஏற்றினார்கள். இன்று ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் போட்டால் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் சிட்டா வருகிறது. பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஏட்டில் நடந்த திருட்டும் அதே ஒரு நிமிடத்தில், அரசு முத்திரையோடு, கம்ப்யூட்டர் சொல்கிறது என்ற மரியாதையோடு வருகிறது. கணினி பொய் சொல்லாது, அதற்குச் சொல்லிக்கொடுத்த பொய்யைத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான்.

காரணையில் அந்த நிலத்தைத்தான் மக்கள் திருப்பிக் கேட்டார்கள். மீட்ட மண்ணில் அண்ணலின் சிலையை வைத்தார்கள். சிலையை போலீஸ் அகற்றியது. நீதி கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஒரு பதிவேட்டின் ஒரு பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விக்காக எங்கள் மாவட்டத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறது. அந்த மாவட்டத்தில் வந்து நின்றுகொண்டு தரவுக்குச் சாதி தெரியாது என்கிறார்கள்.

பழைய ஏட்டைத் தேடி எடுக்க நமக்கிருந்த ஒரே கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். நானே பல மனுக்கள் போட்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் 'ஆவணம் செல்லரித்துவிட்டது' என்று இரண்டு வரியில் பதில் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர் வேறொரு காரியத்துக்காக அதே ஆவணத்தின் நகலை வாங்கியிருந்தார். செல்லுக்கும் சாதி தெரியும் போலிருக்கிறது. இப்போது அந்தச் சிரமமும் அவர்களுக்கு இல்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் வழியாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே மாற்றி எழுதிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் விவரத்தையும் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது 'தனிநபர் தகவல்' என்ற இரண்டே சொற்கள் போதும், கதவு சாத்திக்கொள்ளும். பஞ்சமி நிலத்தில் ரிசார்ட் கட்டியவர் பெயரும் தனிநபர் தகவல்தானே? 8(2) பிரிவு இருக்கிறதே, பொதுநலனைக் காட்டிக் கேட்கலாமே என்று வழக்கறிஞர் நண்பர் சொல்கிறார். இருக்கிறது தோழர். அதைப் படித்துப் பார்த்துக் கொடுக்கும் மனசு எந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது?

நம்முடைய தரவு கம்பெனிகளிடம் திறந்து கிடக்கிறது. அவர்களுடைய தரவு நமக்கு மூடப்படுகிறது. இதற்குப் பெயர்தான் பாதுகாப்பு. எல்லாம் 'கிளவுட்'டில் இருக்கிறது என்கிறார்கள். அந்த மேகம் ஒன்றும் வானத்தில் இல்லை. சிறுசேரியில் தரவு மையம் என்ற பெயரில் கான்கிரீட் கட்டடமாக, நம் மாவட்டத்து மண்ணின் மேல்தான் நிற்கிறது. ஓ.எம்.ஆரிலும் ஈ.சி.ஆரிலும் ஒரு சென்ட் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சென்ட்டின் 1892க்குப் பிந்தைய கதை என்ன என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது.

வேலைக்கு வருவோம், பேச்சாளர் அதைத்தானே முதலில் சொன்னார். 'திறமையை மட்டும் பார்க்கும்.' சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் கசக்கும். ஒரே தகுதி, ஒரே மாதிரி விண்ணப்பம், பெயர் மட்டும் வேறு வேறாகப் போட்டுத் தனியார் கம்பெனிகளுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதைச் செய்தது எந்திரமல்ல, மனிதர்கள். அந்த மனிதர்கள் நேற்று யாரையெல்லாம் எடுத்தார்களோ அந்தப் பட்டியலைத்தான் இன்று எந்திரத்துக்குப் பாடமாகக் கொடுக்கிறார்கள். அமேசான் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. பழைய விண்ணப்பங்களில் ஆண்களே அதிகம் என்பதால் அந்த எந்திரம் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. கடைசியில் அமேசானே அதைக் கைவிட்டது என்று 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாலினத்துக்கு நடந்தது வெளியே வந்துவிட்டது. சாதிக்கு நடந்தால் அமெரிக்காவில் யாருக்குப் புரியும்?

2025 அக்டோபரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு கட்டுரை போட்டது. பெங்களூரில் ஒரு தலித் ஆய்வாளர் தன் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லி சாட்ஜிபிடியிடம் கொடுத்திருக்கிறார். அது ஆங்கிலத்தோடு அவருடைய குடும்பப் பெயரையும் திருத்தி 'ஷர்மா' ஆக்கிக் கொடுத்தது. அதே இதழ் நடத்திய சோதனையில், சாதி குறித்த 105 வாக்கியங்களில் 80க்கு ஜிபிடி-5 சாதிப் புத்தியோடுதான் கோடிட்ட இடத்தை நிரப்பியது. 'தலித் நடத்தை' என்று படம் கேட்டதற்கு, சோரா தந்த பத்துப் படங்களில் மூன்று விலங்குகளின் படங்கள். சாதி தெரியாத எந்திரமாம்!

நாம்தான் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெருமையும் இதே செங்கற்பட்டுக்கு உண்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இங்கே கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடுதான் சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. ஆனால் எந்திரத்துக்குப் பட்டம் தேவையில்லை. பின்கோடு போதும். படித்த பள்ளியின் பெயர், உதவித்தொகை வந்த வங்கிக் கணக்கு, அப்பாவின் தொழில், முகவரியில் இருக்கும் தெரு, இதில் இரண்டு மூன்றைச் சேர்த்தால் சாதி தானாகக் கிடைத்துவிடும். சாதி என்று ஒரு பத்தியே இல்லாத பட்டியலிலிருந்தும் சாதியை எடுக்கலாம். இது தரவு அறிவியலில் பாலபாடம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். சொல் போனாலும் தெரு அங்கேயேதான் இருக்கிறது, எந்திரத்துக்கு அந்தத் தெருவின் வழி தெரியும்.

என் அக்கா மகள் செயற்கை நுண்ணறிவும் டேட்டா சயின்ஸும் பிரிவில் பி.டெக். முடித்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. எட்டு மாதம் அலைந்து ஒரு வேலை கிடைத்தது. பெயர்ப் பலகையில் 'டேட்டா அனலிஸ்ட்'. என்ன வேலைம்மா என்றேன். "படத்துல கட்டம் போடற வேலை மாமா. ரோட்டு போட்டோ வரும். இது ஆளு, இது வண்டி, இது தடைன்னு கட்டம் கட்டித் தரணும். அத வச்சு எங்கியோ வண்டி தானா ஓட கத்துக்குதாம். டேட்டா சயின்டிஸ்ட்டுன்னு வெளிய சொல்லாதீங்க, டேட்டாவுக்குக் கூலின்னு சொல்லுங்க."

ஒருநாள் ஒரு படம் வந்ததாம். பாதாளச் சாக்கடைக் குழி, உள்ளே இறங்கிய ஒருவரின் தலையும் ஒரு கையும் மட்டும் மேலே தெரிகின்றன. 'ஆள்' என்று கட்டம் போட்டாள். முழு உருவம் இல்லை என்று திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் 'தடை' என்று போடச் சொல்லியிருக்கிறார். அவள் போட்டாள். வேறு வழி இல்லை, ஒரு படத்துக்கு இத்தனை பைசா என்று கணக்கு. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

எந்திரம் மட்டுமா அப்படிக் கட்டம் போடுகிறது? 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே ஒன்றிய அரசு பதில் சொன்னது. செத்தவர்களை 'சாக்கடையை அபாயகரமாகச் சுத்தம் செய்தவர்கள்' என்று வேறு கட்டத்தில் போட்டுவிட்டார்கள். கட்டத்தை மாற்றினால் பிணமும் பூஜ்யமாகும். பிறகு அதே அரசு, நமஸ்தே திட்டத்துக்காகச் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர் சுமார் 38,000 பேரின் விவரம் எடுத்தபோது 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று வந்தது. அந்த எண்ணுக்குச் சாதி தெரிந்திருக்கிறது.

ஊடகத்தைப் பற்றியும் பேச்சாளர் சொன்னார். இனி எந்தச் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று பத்திரிகை முதலாளி முடிவு செய்ய மாட்டார், அல்காரிதம்தான் முடிவு செய்யும், அதனால் ஜனநாயகம் என்றார். பத்திரிகை முதலாளியின் ஜனநாயகம் தெரிந்ததுதான். ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் எடுத்த கணக்கில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. சரி, அல்காரிதம் என்ன செய்தது? மாமல்லபுரத்துக்கு வாருங்கள். 2021 அக்டோபரில் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடாமல் விரட்டப்பட்ட ஒரு நரிக்குறவர் பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துக் கேட்ட கேள்வி நாடெங்கும் பரவியது. சில நாளில் அமைச்சர் சேகர்பாபு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதல்வர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். நல்லது நடந்தது, அந்தத் தங்கையின் துணிச்சலுக்கு வணக்கம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965இல். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். 57 ஆண்டுகள் அறிக்கை இருந்தது, தரவு இருந்தது, கோப்பு இருந்தது. ஒருவரும் அசையவில்லை. அசைத்தது ஒரு காணொளி. அப்படியானால், காணொளி எடுக்க ஆள் இல்லாத சேரி என்ன செய்யும்? கண்ணீர் வராமல் பேசுகிற, கோபமாகக்கூடப் பேசத் தெரியாத கிழவியின் முகத்தை அல்காரிதம் யாருக்குக் காட்டும்? அதற்கு வேண்டியது பார்வைக் கணக்கு. அந்தக் கணக்கில் சாதிப் பெருமை பேசி அரிவாளைத் தூக்கிக் காட்டும் ரீல்ஸும் ஒன்றுதான், அன்னதானத்தில் விரட்டப்பட்டவரின் குரலும் ஒன்றுதான். அரிவாளுக்குத்தான் கூட்டம் அதிகம் என்றால் அரிவாளைத்தான் பள்ளிக்கூடப் பையன் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எதிர்காலம் பற்றி ஒரு வார்த்தை. புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகிக் காட்டை அழித்தபோது, எல்லாக் கருவியும் எல்லாத் தரவும் வைத்திருந்த அமெரிக்கா 2017இல் அழைத்தது யாரை? எங்கள் செங்கல்பட்டு சென்னேரியைச் சேர்ந்த இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ வந்தது. 1978 முதல் வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்தில் இருளர்கள் எடுத்துத் தரும் விஷத்தை நம்பித்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்தே இருக்கிறது. இதுவும் தரவுதான், தலைமுறை தலைமுறையாகத் தடம் பார்த்துச் சேர்த்தது. அதை வைத்திருப்பவருக்கு விஞ்ஞானி என்று பெயர் இல்லை, பல ஊர்களில் சாதிச் சான்றிதழே இல்லை. அந்த இருளரை இன்னொரு பதிவேடு மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறது. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவர் குடிசைக்குத்தான் வண்டி வரும். 1871இல் குற்றப் பழங்குடிச் சட்டம் போட்ட அதே காலத்தில்தான் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடந்தது என்பதை மறக்க வேண்டாம். குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் கருவிகளைப் போலீஸ் கையில் கொடுக்கிறார்கள். பழைய எஃப்.ஐ.ஆர்.களைப் படித்து அது என்ன சொல்லும்? இருளர் குடிசையைத்தான் சொல்லும்.

அதனால் டேட்டா சயின்ஸ் வேண்டாம் என்கிறேனா? இல்லை. பிள்ளைகளை அழைத்துப்போனதே நான்தான். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று இதழ் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலேயே வைக்க வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, வைத்தால் யார் அதிகாரியாவார்கள், யார் தலையில் உட்காருவார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் அவர். அதே ஆண்டில் 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி, 112 அடி நீள மனுவை எதிர்த்து அனுப்பினார். அண்ணல் அம்பேத்கர் 1928இல் சைமன் குழுவிடம் பம்பாய் மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோர் கல்வியின் நிலையை எண்களோடு வைத்தார். எண்களைக் கண்டு பயந்தவர்கள் அல்ல நம் முன்னோர். எண்ணும் வேலையை மற்றவரிடம் விடாதவர்கள்.

எண்ணுவதற்கு யார் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். சுதந்திரத்துக்குப் பின் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் பட்டியல் சாதியை எண்ணினார்கள், பழங்குடியை எண்ணினார்கள். ஆதிக்கச் சாதியை 1931க்குப் பின் எண்ணவேயில்லை. ஒடுக்கப்பட்டவருக்கு மட்டும் சாதி உண்டு, ஒடுக்குபவர் 'பொது'. 2011இல் சாதிவாரி விவரம் எடுத்தார்கள், வெளியிடவில்லை. ஏனென்று உச்சநீதிமன்றம் கேட்டதற்கு, மக்கள் 46 லட்சம் சாதிப் பெயர்களைச் சொல்லிவிட்டார்கள், எழுத்துப் பிழை, குழப்பம், பயன்படாது என்று 2021இல் ஒன்றிய அரசு சொன்னது. இட்லி, இட்டிலி, இட்டலி என்று எப்படித் தட்டினாலும் இட்லிக் கடையைக் காட்டுகிற எந்திரம் இருக்கும் நாட்டில் இந்தப் பதில்! பீகார் 2023இல் எண்ணி வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை, பொதுப் பிரிவு 15.52 விழுக்காடு என்ற உண்மை மட்டும் வெளியே விழுந்தது. இப்போது 2027 கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியையும் கேட்பதாக ஒன்றிய அமைச்சரவை 2025 ஏப்ரல் 30 அன்று முடிவெடுத்திருக்கிறது. கேட்டால் போதாது. வெளியிட வேண்டும், நிலம், வேலை, சம்பளம் ஆகியவற்றோடு சேர்த்து வெளியிட வேண்டும். ஆள் எடுக்கவும் கடன் கொடுக்கவும் எந்திரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கம்பெனியும், அந்த எந்திரம் எந்தச் சமூகத்தில் எத்தனை பேரைத் தள்ளியது என்று கணக்குக் காட்ட வேண்டும். தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டாம் என்பவர்கள் இந்தக் கணக்கையாவது காட்டட்டும்.

எங்கள் இரவுப் பாடசாலையில் ஒரு பழைய மரப்பெட்டி இருக்கிறது. அதில் இருபது வருடமாகப் பல பேர் வாங்கிச் சேர்த்த பதிவேட்டு நகல்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் அவளுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். வேனில் வந்த பதினோரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் சரிபார்க்க, அவள் தட்டச்சு செய்தாள். கிராமம், பழைய சர்வே எண், புதிய சர்வே எண், பரப்பு, முதலில் யார் பெயர், இப்போது யார் பெயர், நிபந்தனைக் குறிப்பு எந்த ஆண்டில் காணாமல் போனது என்று ஏழு பத்திகள். மூன்று மணி நேரத்தில் 14 சர்வே எண்கள் ஏறின. கட்டு இன்னும் நிறைய இருக்கிறது. தட்டச்சு தெரிந்த தோழர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு வரலாம்.